ஏழாவது மரத்துக்குப் போட்ட புள்ளடி

இன்று காலை கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையை ஒரு மட்டை மறித்துக்கொண்டு கிடந்தது. மூலையிலுள்ள பழைய பங்களாவின் ராயல் பாம் மரத்திலிருந்து விழுந்தது. ஓர் ஆளின் உயரத்தைவிட இரண்டு மடங்கு நீளம். அடிப்பக்கம் பிளந்து, வெள்ளரிக்காயை அப்போதுதான் நறுக்கியதுபோல் மணத்தது. ஓட்டோக்காரத் தம்பி ஒருவன் இறங்கி அதை இழுத்து ஓரத்தில் போடப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

நான் குந்தியிருந்து ஓலைக்குள் விரலை விட்டேன். சிற்றோலைகள் நாலா பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நின்றன. "கியூபா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"என்ன அன்ரி?"

"இது கியூபா ராயல் பாம், தம்பி."

"ராயல் பாமிலயும் வேற வேற இருக்கோ?"

"ஓம். ரெண்டு இனம் நிக்குது கொழும்பில. ஒருத்தரும் பாக்கிறேல்ல."

அவன் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மிகுந்த மரியாதையோடு, "அன்ரி கொஞ்சம் தள்ளி நிண்டால் நான் இதை இழுத்துப்போடுவன்" என்றான். நான் தள்ளி நின்றேன். அவன் வயதில் நானும் உன்னை அப்படித்தான் பார்த்தேன்.

நீ போய்விட்டாய் என்று உன் தங்கை நோர்வேயிலிருந்து தொலைபேசியில் எடுத்துச் சொல்லி இரண்டு மாதமாகிறது. அந்த நேரம் எனக்கு அழுகை வரவில்லை. "கடைசி நாட்களில் சாப்பிட்டவளோ?" என்று கேட்டேன். என் புத்தி அப்படித்தான், உனக்குத் தெரியாததா. அழுகை பிறகு வந்தது, அதுவும் ஒரு மரத்தடியில். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குபவர்கள் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலம் அது. வெள்ளவத்தையில் என் சித்தி வீட்டு மேல்மாடியில் நீ அறை எடுத்திருந்தாய். உனக்கும் சிங்களம் வராது, சித்திக்கும் வராது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆகவே உன்னைப் பதிவுக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. உனக்கும் எனக்கும் ஒரே வயது, அறிமுகமாகி அரை மணித்தியாலம்.

கொழும்புக்கு வந்த காரணம் என்ன என்று பொலிஸ்காரர் கேட்டார். நீ நிதானமாக, "உயர்தரப் பிள்ளையளுக்குத் தாவரவியல் படிப்பிக்க. மற்றது, மரங்கள் பாக்க" என்றாய். நான் முதல் பாதியை மட்டும் சிங்களத்தில் சொன்னேன். மரம் பார்க்க வந்தவள் என்று எழுதினால் அந்த மேசையிலேயே ஒரு நாள் போயிருக்கும். வெளியே வந்து தெருவைக் கடக்கும் முன்பே நீ என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"நான் ரெண்டு காரணம் சொன்னனான். நீ ஒண்டைத்தான் சொன்னனீ."

"சிங்களம் விளங்காதெண்டாய்?"

"அவர் எழுதின நேரத்தைப் பாத்தனான். ரெண்டு காரணம் எழுத அது காணாது."

இவளோடு சிநேகிதம் வைத்தால் கஷ்டம்தான் என்று அன்றே நினைத்தேன். நினைத்துக்கொண்டே அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சித்தி வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். சித்தியின் நண்டுக் குழம்புக்காக வருவதாகத்தான் எல்லாரிடமும் சொன்னேன்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, கறுவாத்தோட்டப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நீ திடீரென்று எழுந்து மணியை அடித்தாய். இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. வீதியோரத்தில் ராயல் பாம் மரங்கள் வரிசையாக நின்றன. நான் பிறந்ததிலிருந்து பார்த்த மரங்கள். உண்மையைச் சொன்னால், பார்த்ததே இல்லை. விளக்குக் கம்பங்களை யார் பார்க்கிறார்கள்? எனக்கு அவை அந்தக் கணக்கில்தான் இருந்தன.

"இஞ்ச பார், இதில ரெண்டு இனம் கலந்து நிக்குது" என்றாய். குரல் தாழ்ந்துபோயிருந்தது, கோயிலுக்குள் கதைப்பதுபோல.

நீ விளக்கினாய். இரண்டும் சமுத்திரம் தாண்டி வந்தவை. ஒன்று கியூபாத் தீவுப் பக்கத்து மரம். மற்றது அதற்குக் கீழேயுள்ள சின்னத் தீவுகளிலும் தென்னமெரிக்காக் கரையிலும் வளர்வது. அதன் குருத்தைச் சமைத்துத் தின்னலாமாம், அதனால் ஆங்கிலத்தில் கபேஜ் பாம். கபேஜ் என்றால் கோவாதானே, நான் உடனே கோவா மரம் என்று பெயர் வைத்தேன். உனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஒரு மாதத்தில் நீயும் கோவா மரம் என்றுதான் சொன்னாய். நாற்றாக இருக்கும்போது இரண்டையும் யாராலும் பிரிக்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டக்காரர்கள் எல்லாம் ஒன்றென்று நினைத்து வரிசையாக நட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். தாங்கள் யார் என்பதை மரங்கள் சொல்லத் தொடங்கியபோது, கேட்க அவர்களில் ஒருவரும் இருக்கவில்லை. இதை நீ சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை மறைக்க, கச்சான் கடலை வாங்கித் தின்னுவமா என்று கேட்டேன்.

கோவா மரத்தின் ஓலைகள், அடிமரத்தின் உச்சியிலுள்ள பச்சைக் கழுத்துப் பக்கம் இறங்குவதில்லை. பாதிக் குடைபோல மேலேயே நிற்கும். சிற்றோலைகள் வகிடெடுத்து வாரியதுபோல இரண்டு பக்கமும் தட்டையாகக் கிடக்கும். கியூபாவின் கீழ் ஓலைகள் தொங்கி அந்தப் பச்சைக் கழுத்தை மூடிவிடும். சிற்றோலைகள் எல்லாத் திசையிலும் நிற்கும். "எண்ணெய் வைக்காத தலை" என்பாய். அடிமரத்தைப் பார்த்தால், கியூபாவுக்கு அநேகமாக நடுவில் வயிறு தள்ளியிருக்கும். கோவா தூண்போல நேராகப் போகும். எனக்கு இந்தக் கடைசி அடையாளம்தான் பிடித்துப்போயிற்று. கழுத்து வலிக்க மேலே பார்க்கத் தேவையில்லை.

"வயித்தை நம்பாதை" என்று எத்தனை தரம் சொன்னாய். "நிலத்துக்கு ஏத்த மாதிரி அது கூடும், குறையும். சில கியூபாவுக்கு வயிறே வராது. ஓலையைப் பார்."

"எனக்கு வயிறு காணும். ஆக்களையும் நான் அப்பிடித்தான் அடையாளம் வச்சிருக்கிறன்."

நீ சிரிக்கமாட்டாய். அடுத்த மரத்தடிக்குப் போய் நிமிர்ந்து நிற்பாய். நானும் பின்னால் வந்து நிற்பேன்.

பொரளை மயானத்தில் ஒரு கோவா மரத்தடியில் நின்றது நினைவிருக்கிறது. அடிமரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மேலே பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். சாம்பல் நிறத் தூண் போய்க்கொண்டே இருந்தது, முடிகிற இடத்தில் பச்சை, அதற்கு மேலே முகில். முகில் நகர, மரம் எங்கள்மீது சாய்வதுபோல் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. நாட்டில் அன்றாடம் எத்தனையோ பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மரம் எவரையும் எதுவும் கேட்காமல் இவ்வளவு உயரம் வந்திருந்தது.

கொழும்பு முழுக்க நிற்கும் ராயல் பாம் மரங்களை எண்ணி எழுதுவதென்று முடிவெடுத்தது அதன் பிறகு. யாரும் கேட்கவில்லை. எந்தப் பட்டத்துக்கும் அல்ல. இதுவரை ஒருவரும் செய்யவில்லை, ஆகவே செய்ய வேண்டும், அவ்வளவுதான் உன் நியாயம். ஒரு கோடு போட்ட கொப்பி வாங்கினாய். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீதியைக் கீறி, மரம் நிற்கும் இடங்களைக் குறித்தாய். கியூபாவுக்கு வட்டம், கோவாவுக்கு இரண்டு கோடு குறுக்காகக் கீறிய புள்ளடி. பிழை வந்தால் அழிரப்பர் போடமாட்டாய். பிழையை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, திகதி போடுவாய். "பிழை விட்டதும் தெரிய வேணும், திருத்தினதும் தெரிய வேணும்." ஒருமுறை வெள்ளவத்தை வந்து சேர்ந்த பிறகு, மயானத்து மரமொன்றில் உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தூறலில் திரும்பவும் பஸ் ஏறிப் பொரளைக்குப் போனோம், ஒரே ஒரு வட்டத்துக்காக. நான் வழியெல்லாம் திட்டினேன். வட்டம் சரியாகத்தான் இருந்தது.

இப்போது யோசித்தால் நெஞ்சு பதறுகிறது. கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருடங்கள். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. யாழ்ப்பாண விலாசத்தோடு அடையாள அட்டை வைத்திருந்த ஒரு பெண், பெரிய மனிதர்கள் குடியிருக்கும் வீதிகளைப் படம் கீறி, அதில் வட்டமும் புள்ளடியும் போட்டுக்கொண்டு திரிந்தாள். பக்கத்தில் ஒருத்தி கச்சான் தின்றுகொண்டு போனாள். உலகத்தில் எங்கள் இருவரையும்போல மடைச்சிகள் இருந்திருக்கமாட்டார்கள். மரத்தைத்தவிர வேறெதுவும் உன் கண்ணில் படவில்லை. எனக்கு உன்னைத்தவிர வேறெதுவும் படவில்லை என்று நினைக்கிறேன்.

ஒருநாள் அப்படியொரு வீதிக்குப் போனோம். அங்கே ஏழு மரங்கள். முதல் ஆறும் ஒரு மதிலோரத்தில் வரிசையாக நின்றன. ஏழாவது கொஞ்சம் தள்ளி, காவல் போட்ட ஒரு வீட்டு வாசலுக்கு அப்பால் தனியாக நின்றது. மட்டை விழுந்து காவல் கொட்டிலை உடைக்கும் என்று அதன் கீழ் ஓலைகளையெல்லாம் வெட்டியிருந்தார்கள். நீ ஆறு மரத்துக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குறி போட்டுவிட்டு, ஏழாவதின் கீழ் போய் நின்றாய். நான் சப்பாத்துக்குள் போன கல்லைத் தட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். நிமிர்ந்து பார்த்தபோது நீ தரையில் கிடந்த மட்டையொன்றின் நுனியைக் கையில் பிடித்திருந்தாய். உனக்கு முன்னால் இரண்டு ஆமிக்காரர்கள் நின்றார்கள். ஒருவன் துவக்கு முனையால் கொப்பியைக் காட்டி, "மே மொனவத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். உன் கையிலிருந்து ஓலை விழுந்தது.

நான் ஓடிவந்து சிங்களத்தில் சொன்னேன். மரம் பார்க்கிறோம் என்றேன். அன்று பொலிஸில் நான் விழுங்கிய அந்த வார்த்தையை இப்போது கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. உன் அடையாள அட்டையின் விலாசத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வீதி, வட்டம், புள்ளடி. வீதி, வட்டம், புள்ளடி. அப்படிப் பிடிபட்டு விசாரணைக்குப் போனவர்கள் இரண்டு மாதத்தில் வந்ததும் உண்டு, இரண்டு வருடத்தில் வந்ததும் உண்டு. வராமலே போனவர்களும் எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் இருந்தார்கள். என் விலாசம் கொட்டாஞ்சேனை, என்னை விட்டாலும் விடுவார்கள். உன்னை விடமாட்டார்கள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இரண்டு இன மரங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "எல்லாம் ஒரே மரம்தானே, நான் ஏழு மாதமாக இதன் கீழேதான் நிற்கிறேன்" என்றார் அதிகாரி. பிறகு கொப்பியையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழு மரத்தில் ஆறுக்குத்தான் குறி இருந்தது. புத்திசாலி மனிதர். உன்னைத் தெருவின் மறுபக்கம் கொண்டுபோய் மதிலைப் பார்த்து நிற்க வைத்தார். என்னிடம் வந்து, இந்தக் கடைசி மரத்துக்கு என்ன குறி என்று மெதுவாகக் கேட்டார். நீங்கள் சொல்வது உண்மையென்றால் இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

மரத்தைப் பார்த்தேன். அடிமரம் தூண்போல நேராக இருந்தது. வயிறு இல்லை. கீழே தொங்கும் ஓலையும் இல்லை.

"புள்ளடி" என்றேன், விரலால் காற்றில் கீறியும் காட்டினேன்.

அவர் தெருவைக் கடந்து உன்னிடம் போனார். உன்னைத் திருப்பி, கொப்பியையும் பென்சிலையும் கையில் தந்தார். ஆங்கிலத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. உன் சிநேகிதி சொல்லிவிட்டாள், இப்போது நீ போடு.

நீ மரத்தை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு தெருவுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாய். வழக்கமாக நீ ஒரு மரத்துக்கு எடுக்கும் நேரம் ஒரு மூச்சு. அன்று அந்த மரத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்தாய். நான் எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டு, மடு மாதாவையும் விடாமல் கூப்பிட்டேன். நீ குனிந்து பென்சிலை இரண்டு இழுப்பு இழுத்தாய். புள்ளடி.

அதிகாரி கொப்பியை வாங்கிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு மற்ற ஆறையும். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம், மயானத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அடையாள அட்டைகளைத் தந்தார். இனி இந்தப் பக்கம் கொப்பியோடு வரவேண்டாம், அடுத்ததாக வருபவர் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார் என்றார். நாங்கள் சந்தி வரையும் ஓடாமல் நடந்தோம். அதுதான் என் வாழ்க்கையில் மிக நீண்ட நடை.

பஸ்ஸில் ஏறியதும் எனக்கு நாக்கு திரும்பிவிட்டது. "பாத்தியோ, கடைசி மரத்தை நான் சரியாச் சொன்னன். வயித்தை நம்பாதையெண்டு பெரிய கதை கதைச்சாய்."

நீ என் கையைப் பிடித்திருந்தாய். "ஓம், நல்லாச் சொன்னாய்" என்றாய். வெள்ளவத்தை வரும்வரை கையை விடவில்லை. அந்த வெற்றியை நான் வருடக்கணக்காகச் சொல்லிக்காட்டினேன். நீ ஒவ்வொரு முறையும் ஓம் என்றாய்.

அடுத்த ஆண்டு நோர்வேக்குப் புறப்பட்டாய். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் அந்தக் கொப்பியே உன்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று, என் கையில் வைத்துவிட்டுப் போனாய். அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே அது இருந்தது. நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் நான் மேலே பார்க்கப் பழகினேன். வயிற்றை விட்டு ஓலைக்கு வந்தேன். நீ பக்கத்தில் இருக்கும்போது படிக்காததை, நீ இல்லாமல் படித்தேன். தொலைபேசியில் உனக்குச் சொன்னபோது, "இப்பவாவது" என்றாய்.

செத்த வீட்டுக்கு வர எனக்கு விசா இல்லை, உடம்பிலும் தெம்பில்லை. வேறென்ன செய்வதென்று தெரியாமல் கொப்பியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். நீ நடந்த வீதிகளை ஒவ்வொன்றாக நடந்தேன். பல மரங்கள் இல்லை, அந்த இடங்களில் மாடிகள் நிற்கின்றன. நின்ற மரங்களெல்லாம் நீ எழுதிய எழுத்துப்படி நின்றன. வட்டமென்றால் வட்டம், புள்ளடியென்றால் புள்ளடி. மரம் மரமாக உனக்குச் சரி போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த வீதியில் இப்போது காவல் இல்லை. யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். ஏழாவது மரம் இன்னும் உயர்ந்திருந்தது. வெட்ட ஆளில்லாமல் கீழ் ஓலைகள் தாராளமாகத் தொங்கிக் கழுத்தை மூடியிருந்தன. எண்ணெய் வைக்காத தலை. சந்தேகமேயில்லாத கியூபா. கொப்பியில் புள்ளடி.

முதலில் சிரித்தேன். தெருவில் தனியாக நின்று சிரித்தேன். கடைசியில் நீயும் ஒரு பிழை விட்டிருக்கிறாய், அதுவும் என்னோடு சேர்ந்து. உன் முறைப்படியே திருத்துவோமென்று பென்சிலை எடுத்தேன். புள்ளடியை வெட்டி, வட்டத்தைப் போட்டு, திகதி எழுத வேண்டும்.

பென்சில் தாளில் படும் முன் அந்தக் காட்சி வந்துவிட்டது. ஆமிக்காரனுக்கு முன்னால் நிற்கும் உன் கையில் ஓலை நுனி. சிற்றோலைகள் உன் விரல்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் சிலிர்த்து நின்றன. அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள். உனக்குத் தெரியும். அதிகாரி கேட்கும்போது அந்த மரம் எதுவென்று உனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியும். எத்தனை தரம் சொல்லியும் நான் வயிற்றைத்தான் பார்ப்பேன் என்று தெரியும். உன் உயிரை வைத்து, என் பிழையை நீ கணக்குத் தப்பாமல் ஊகித்தாய். பிறகு அதைத் திருத்தவுமில்லை. ஒரு வட்டத்துக்காக மழையில் பொரளைக்குத் திரும்பிப் போனவள், இந்தப் புள்ளடியை அப்படியே விட்டுவிட்டு, நான் பீற்றும்போதெல்லாம் ஓம் என்று சொன்னாய்.

அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக் காவலாளி வந்து தண்ணீர் தந்தார்.

பென்சிலைப் பைக்குள் வைத்துவிட்டேன். கொப்பி திரும்பவும் சேலைகளுக்குக் கீழே இருக்கிறது, திருத்தாமல். அதிலுள்ள எல்லாக் குறியையும் நீ மரத்தைப் பார்த்துப் போட்டாய். அந்த ஒன்றை மட்டும் என்னைப் பார்த்துப் போட்டாய்.